படிப்புக்கு பிரேக் எடுத்தா ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்? ஒன்றரை வருஷம் அலைஞ்சவளோட ரிவ்யூ (5-க்கு 2.5)

வழக்கமா ஃபோனுக்கும் மிக்ஸிக்கும் தான் ரிவ்யூ எழுதுவாங்க, நான் எழுதப்போறது ஒரு அரசு சேவைக்கு. தமிழ்நாட்டுல ஸ்காலர்ஷிப்ல படிக்கற ஒரு பையனோ பொண்ணோ உடம்பு முடியாம ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வெச்சுட்டு திரும்பி வந்தா அந்த ஸ்காலர்ஷிப் அவங்களுக்காக காத்திருக்குமா, இல்ல போனது போனது தானா, இதைப் பத்தி தான். என் தம்பிக்காக இதுல இறங்கி நான் பட்டதை எழுதறேன், யாருக்காவது ஒரு ஆறு மாச அலைச்சல் மிச்சமானா போதும்.

தம்பி 2021-ல கவுன்சிலிங்ல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்ந்தான். நாங்க எஸ்சி, அப்பா இல்ல, அம்மா வீட்டு வேலைக்கு போறாங்க, நான் ஒரு மெடிக்கல் ஷாப்ல பில்லிங்ல இருக்கேன். போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இல்லைனா அவன் இன்ஜினியரிங் பக்கமே போயிருக்க மாட்டான். தெரியாதவங்களுக்கு சொல்றேன், வருஷ வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கற எஸ்சி குடும்பத்து பசங்களுக்கு பத்தாவதுக்கு மேல படிக்க வர்ற உதவி இது, 2020-21-ல இருந்து மத்திய அரசு 60, மாநில அரசு 40-னு பங்கு போட்டு தர்றாங்க. காலேஜ் ஃபீஸ் போக கைச்செலவுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை, இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கு ஹாஸ்டல்ல இருந்தா 13,500, வீட்டுல இருந்து போனா 7,000. இது போக நம்ம ஊர்ல 2012-ல வந்த 92-ஆம் நம்பர் அரசாணை (ஜிஓ) இருக்கு, தனியார் காலேஜ்ல படிச்சாலும் கட்டாயமா கட்ட வேண்டிய ஃபீஸை அரசே ஏத்துக்கும்னு சொல்றது, எஸ்சி எஸ்டி பசங்க பாதி பேர் படிச்சு முடிச்சதே அந்த ஜிஓ 92-ஆல தான். இதெல்லாம் நல்லா தான் போயிட்டு இருந்துச்சு, ரெண்டு வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியாது. திட்டத்துக்கு மட்டும் மார்க் போடணும்னா நான் 5-க்கு 5 போட்டுருவேன்.

2023 ஆகஸ்ட்ல தம்பி முதுகு வலின்னு சொல்ல ஆரம்பிச்சான், அஞ்சாவது செமஸ்டர் அப்போ தான் ஆரம்பிச்சிருந்துச்சு. பஸ்ல நின்னுட்டே போறான் அதனால தான்னு நெனச்சு தைலம் தேய்ச்சுட்டு இருந்தோம், செப்டம்பர்ல ராத்திரி ராத்திரி காய்ச்சல், எடை குறையுது, கடைசில அரசு ஆஸ்பத்திரில எம்ஆர்ஐ எடுத்தாங்க, முதுகெலும்புல டிபி. டிபின்னா நுரையீரல்ல மட்டும் தான் வரும்னு அதுவரைக்கும் நெனச்சுட்டு இருந்தேன். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடணும், முதல் சில மாசம் படுத்தே இருக்கணும், பெல்ட் போடாம உக்காரவே கூடாது, பஸ் ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மாத்திரை எல்லாம் ஃப்ரீ, சத்தான சாப்பாட்டுக்குன்னு அப்போ மாசம் 500 அக்கவுண்ட்ல போட்டாங்க (2024 நவம்பர்ல இருந்து அது 1000 ஆயிடுச்சு), ஆஸ்பத்திரி பக்கம் எனக்கு சொல்ல நல்லது மட்டும் தான் இருக்கு.

பிரச்சனை காலேஜ் பக்கம். 75 பர்சன்ட் அட்டெண்டன்ஸ் வேணும், உடம்பு சரியில்லைனு சர்டிஃபிகேட் குடுத்தா 65 வரைக்கும் பார்த்து விடுவாங்க, அதுக்கும் கீழ போனா எக்ஸாம் எழுத முடியாது. தம்பிக்கு 30 கூட தேறாது. கிளாஸ் டீச்சர் "பரவால்லம்மா, அடுத்த வருஷம் வந்து ஜூனியரோட உக்காந்துக்கட்டும்"னு சொன்னாங்க, நாங்களும் சரின்னு வீட்டுக்கு வந்துட்டோம். நாங்க பண்ணின பெரிய தப்பு அது தான். அட்டெண்டன்ஸ் இல்லாம நின்னு போறது வேற, முறையா அனுமதி வாங்கி பிரேக் எடுக்கறது வேற. ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரி தான் இருக்கும், பையன் வீட்டுல தான் இருப்பான், ஆனா காகிதத்துல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

என் கூட வேலை பார்க்கற ஒருத்தரோட பொண்ணு மூலமா தான் பிரேக் ஆஃப் ஸ்டடின்னு ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது. அண்ணா யுனிவர்சிட்டி ரெகுலேஷன்ல தெளிவா இருக்கு: விபத்து, நீண்ட நாள் ஆஸ்பத்திரில இருக்க வேண்டிய உடம்பு பிரச்சனை மாதிரி நியாயமான காரணம் இருந்தா, காலேஜ் மூலமா முன்கூட்டியே அப்ளை பண்ணணும், எப்படி இருந்தாலும் அந்த செமஸ்டர் எக்ஸாமுக்கு ரெஜிஸ்டர் பண்ற கடைசி தேதியை தாண்டக் கூடாது. நாலு வருஷப் படிப்பை அதிகபட்சம் 14 செமஸ்டர், அதாவது ஏழு வருஷத்துக்குள்ள முடிக்கலாம். முறையா எடுத்த பிரேக் ஒரு வருஷம்னா அது ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கறதுக்கும் தடையா வராது, டிஸ்டிங்ஷன் கூட வாங்கலாம், ஆனா அட்டெண்டன்ஸ் இல்லாம எக்ஸாம் எழுத விடாம நிறுத்தி வெச்சா (டீடெய்ன்) அந்த வருஷத்தை பிரேக்னு கணக்குல எடுக்க மாட்டாங்க. இவ்ளோ நல்ல விதியை எழுதி வெச்சுட்டு ஒரு நோட்டீஸ் போர்டுல கூட ஒட்டாம வெச்சிருந்தா என்ன அர்த்தம்?

எங்களுக்கு கடைசி தேதிக்கு ஒன்பது நாள் இருந்துச்சு. டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ ரிப்போர்ட், எத்தனை மாசம் ட்ரீட்மென்ட்னு டாக்டர் கைப்பட எழுதின லெட்டர், அம்மா கையெழுத்து போட்ட விண்ணப்பம், இதெல்லாம் ஹெச்ஓடி கிட்ட குடுத்து, அவர் பிரின்சிபாலுக்கு ஃபார்வர்ட் பண்ணி, நான் ரெண்டு நாள் லீவ் போட்டு ஆபீஸ் வாசல்லயே உக்காந்து அனுப்ப வெச்சேன். ஹெச்ஓடி ரொம்ப தங்கமான மனுஷன், ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்து வந்து கையெழுத்து போட்டார். அனுமதி ஆர்டர் வந்துச்சு. இந்தப் பகுதிக்கு நான் 5-க்கு 4 குடுப்பேன், ஒரு மார்க் குறைக்கறது யாரும் தானா சொல்லாததுக்கு.

ஆர்டர் கையில வந்ததும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல.

2024 ஜூலைல தம்பி திரும்ப அஞ்சாவது செமஸ்டர் போய் உக்காந்தான், இன்னும் பெல்ட்டோட தான், ஆனா நடந்து போனான், அம்மா அன்னைக்கு கோயிலுக்கு போயிட்டு வந்தாங்க. ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் ஓபன் ஆனதும் ரின்யூவல் போடப் போனா ஏத்துக்க மாட்டேங்குது. காலேஜ் ஸ்காலர்ஷிப் செக்ஷன்ல கேட்டா "என்னம்மா, போன வருஷம் இவனுக்கு டிஸ்கன்டினியூன்னுல்ல போட்டிருக்கு, இதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்றாங்க. போட்டது யாருன்னு கேட்டா அதே செக்ஷன் தான். பிரேக் ஆர்டர் பிரின்சிபால் ஆபீஸ் ஃபைல்ல இருக்கு, ஸ்காலர்ஷிப் செக்ஷனுக்கு அது வரவே இல்ல, பையன் பேர் வருகைப் பதிவுல இல்லாததால அவங்க டிஸ்கன்டினியூன்னு டிக் பண்ணி விட்டுட்டாங்க. ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு வராண்டா தான்.

ஏன் இந்த ஒரு டிக் இவ்ளோ பெரிய விஷயம்னா, போஸ்ட் மெட்ரிக் விதிகள்ல ரெண்டு வரி இருக்கு, ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிர் பக்கம் இழுக்கும். ஒரு வரி சொல்லுது, வருஷ நடுவுல படிப்பை விட்டுட்டா வாங்கின ஸ்காலர்ஷிப்பை அரசு நெனச்சா திருப்பிக் கேக்கலாம்னு. இன்னொரு வரி சொல்லுது, உடம்பு சரியில்லாமலோ எதிர்பாராத வேற காரணத்தாலோ வருஷ எக்ஸாம் எழுத முடியலைனா, மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்து, எழுதியிருந்தா இவன் பாஸ் ஆயிருப்பான்னு காலேஜ் தலைவர் சான்று குடுத்தா, அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப்பை புதுப்பிக்கலாம்னு. ரெண்டாவது வரி எழுதினவங்க யாரோ ஒரு ஏழை வீட்டு நிலைமை தெரிஞ்சவங்களா தான் இருக்கணும். ஆனா கம்ப்யூட்டர்ல டிஸ்கன்டினியூன்னு விழுந்துட்டா பையன் முதல் வரிக்குள்ள போயிடறான், ரெண்டாவது வரி அவனுக்கு இருக்கறதே யாருக்கும் ஞாபகம் வராது.

தமிழ்ல பாருங்க, சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "காலேஜ் நின்னுட்டானா?" பஸ்ஸும் நின்னுட்டு தான் கிளம்புது, ஆனா படிப்புக்கு மட்டும் நின்னுட்டான்னா முடிஞ்சுதுன்னு தான் எடுத்துக்கறாங்க. நாங்க நிறுத்தி வெச்சிருக்கோம், நிறுத்தலன்னு சொல்லி சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. ஸ்காலர்ஷிப் போர்டலும் அந்த சொந்தக்காரங்க மாதிரி தான், அதுக்கு படிக்கறான் இல்லைனா விட்டுட்டான், நடுவுல ஒரு நிலைமை இருக்கலாம்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

ஆகஸ்ட்ல இருந்து அலைச்சல். காலேஜ்ல "மாவட்ட ஆதிதிராவிடர் நல ஆபீஸ்ல கேளுங்க", மாவட்ட ஆபீஸ்ல "காலேஜ் மாத்திக் குடுத்தா நாங்க பார்க்கறோம்", ஒரு இடத்துல "புதுசா ஃப்ரெஷ்னு போட்டுருங்க"ன்னு ஒருத்தர் சொல்லி, நல்லவேளை அதை பண்ணல, ஏன்னா அதே பையன் அதே படிப்புல ரெண்டு தடவை புதுசா சேர்ந்த மாதிரி ஆகி வேற சிக்கல் வந்திருக்கும். இதுக்கு நடுவுல காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லி அவனை கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சாங்க. இதை நான் மறக்க மாட்டேன். முதுகெலும்பு பிரச்சனைல இருந்து மீண்டு வந்த பையனை ஃபீஸுக்காக நிக்க வெக்கறது. அவன் வீட்டுல வந்து "க்கா, நான் வேலைக்கு போறேன், விட்டுரலாம்"னு சொன்னான். டிபி வந்து படுத்து கிடந்தப்போ கூட அவன் அப்படி சொல்லல. அம்மா கம்மலை அடகு வெச்சு 25,000 கட்டினோம், ஹால் டிக்கெட் குடுத்தாங்க.

கடைசில வேலைக்கு ஆனது ரெண்டு விஷயம். ஒண்ணு, நான் வாய்ல பேசறதை விட்டுட்டு எல்லாத்தையும் எழுத்துல குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் சீல் வாங்க ஆரம்பிச்சேன். ரெண்டாவது, கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை நடக்கற மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்தேன். மனுல ஒப்பாரி வெக்கல, மூணே விஷயம் எழுதினேன்: இந்த தேதில இந்த நம்பர் ஆர்டர்படி பிரேக்குக்கு அனுமதி இருக்கு, அதனால இவன் படிப்பை விடல, போஸ்ட் மெட்ரிக் விதிப்படி உடல்நலக் குறைவுக்கு புதுப்பிக்க வழி இருக்கு, போன வருஷம் இவன் பேர்ல ஒரு ரூபா கூட ஸ்காலர்ஷிப் போகல. நம்பர் போட்டு ரசீது குடுத்தாங்க. அடுத்த வாரமே காலேஜ்ல இருந்து ஃபோன், "ஏம்மா இவ்ளோ தூரம் போனீங்க, எங்க கிட்டயே சொல்லிருக்கலாமே"ன்னு. மூணு மாசமா வேற யார் கிட்ட சொல்லிட்டு இருந்தேன்னு எனக்கு தெரியல. டிஸ்கன்டினியூவை எடுத்துட்டு, பிரின்சிபால் சான்று வெச்சு, மாவட்ட ஆபீஸ்ல கையெழுத்தாகி, 2025 மார்ச்ல பணம் அவன் அக்கவுண்டுக்கு வந்துச்சு. நாங்க கட்டின 25,000-ஐ காலேஜ் திருப்பிக் குடுக்க இன்னும் ஒரு மாசம் ஆச்சு. கம்மல் வட்டியோட திரும்பி வந்துச்சு, வட்டியை யாரும் தரல.

மனுல அந்த மூணாவது விஷயம் எழுதினேன் பாருங்க, எல்லாரும் தப்பா நெனைக்கறது அங்க தான். பிரேக் எடுத்தா அரசுக்கு எக்ஸ்ட்ரா செலவுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் முகத்துக்கு நேரா சொன்னார். எப்படி? அவன் அஞ்சு வருஷத்துல படிச்சு முடிச்சாலும் வாங்கப்போறது நாலு வருஷத்து காசு தான். படுத்திருந்த வருஷம் ஃபீஸும் இல்ல, கைச்செலவும் இல்ல. மாறா அவன் நின்னு போயிருந்தா தான் அரசுக்கு நஷ்டம், ரெண்டு வருஷம் கட்டின ஃபீஸ் தண்ணில போன மாதிரி, கையில டிகிரியும் இல்லாம ஒரு பையன்.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும், எங்க கேஸ் சுலபமான கேஸ். ஸ்காலர்ஷிப் பணம் வர்றதுக்கு முன்னாடியே நாங்க நிறுத்திட்டோம். ஒரு பொண்ணு அந்த வருஷத்து பணத்தை வாங்கி காலேஜுக்கு கட்டிட்டா, அப்புறம் ஜனவரில ஆக்சிடென்ட் ஆகுதுன்னு வைங்க, அவ திரும்பி வந்து அதே வருஷத்தை மறுபடி படிக்கணும், ஒரே வருஷத்துக்கு ரெண்டு தடவை பணம் வேணும். இதுல நெஜமாவே கூடுதல் செலவு இருக்கு, அதை நான் மறைக்கல. இருந்தாலும் என்னைக் கேட்டா, மொத்த படிப்புக்கும் ஒரு தடவை மெடிக்கல் காரணத்துக்கு அப்படி குடுக்கலாம்னு தான் சொல்லுவேன், ஏன்னா அந்த ரெண்டாவது வரி எழுதப்பட்டதே இவங்களுக்காகத் தான், எக்ஸாம் எழுத முடியாம போனவங்க அந்த வருஷத்து பணத்தை ஏற்கனவே வாங்கினவங்களா தானே இருப்பாங்க.

வேற இடத்துல எப்படின்னு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல லாட்டரி காசுல ஹோப்னு ஒரு ஸ்காலர்ஷிப் குடுக்கறாங்க, அதுல விடாம படிச்சுட்டே இருக்கணும்னு தான் விதி, ஆனா உடம்பு முடியல, வீட்டுல யாரோ இறந்துட்டாங்க, காசு கஷ்டம் எல்லை மீறிப்போச்சு இந்த மாதிரி காரணத்துக்கு காலேஜே லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்னு அனுமதி குடுக்கலாம், திரும்பி வந்தா ஸ்காலர்ஷிப் தொடரும். அங்க லீவுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் கேள்வி கேக்கறது ஒரே டேபிள். நம்ம கிட்டயும் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பக்கம் வழிகள் இருக்கு, முதல் வருஷத்தோட வெளிய போனவங்க மூணு வருஷத்துக்குள்ள திரும்ப வரலாம், ஏழு வருஷத்துக்குள்ள முடிக்கலாம்னு 2022 டிசம்பர்ல வந்த இளநிலை பாடத்திட்டக் கட்டமைப்புல இருக்கு, வாங்கின கிரெடிட்டை (பாஸ் பண்ணின பாடத்துக்கு கிடைக்கற புள்ளி) சேர்த்து வெக்க 2021-ல இருந்து கிரெடிட் பேங்க் வேற. படிக்கற பொண்ணுங்களுக்கு பிரசவ லீவுக்கு விதி பண்ணுங்கன்னு 2021 டிசம்பர்ல யூனிவர்சிட்டிகளுக்கு லெட்டரும் போட்டாங்க. மார்க்கை பத்திரமா வெக்க பேங்க் இருக்கு. ஃபீஸ் கட்ட முடியாம திரும்பி வர முடியாதவனுக்கு அந்த மார்க் எதுக்கு?

பொண்ணுங்க விஷயத்துல எனக்கு இன்னும் பயம் ஜாஸ்தி. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல வந்ததுல இருந்து எங்க தெருவுல மட்டும் மூணு பொண்ணுங்க மாசம் 1000 வாங்கிட்டு காலேஜ் போகுதுங்க, கவர்ன்மென்ட் ஸ்கூல் படிச்ச பசங்களுக்கும் 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன் வந்துச்சு, பார்க்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா வீட்டுல அம்மா படுத்துட்டா முதல்ல நிறுத்தறது பொண்ணு படிப்பைத் தான், அவளுக்கு பிரேக் ஆஃப் ஸ்டடின்னு லெட்டர் எழுதிக் குடுக்க யாரும் இருக்க மாட்டாங்க, சும்மா போகாம இருந்துடுவா, காலேஜும் விட்டுட்டான்னு எழுதிடும். மெடிக்கல் சர்டிஃபிகேட் அவ பேர்ல இருக்காது, அவ அம்மா பேர்ல இருக்கும். விதில "எதிர்பாராத காரணம்"னு இருக்கறதுக்குள்ள இதையும் சேர்க்கணும், சேர்த்து எழுத்துல சொல்லணும்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான். பிரேக்குக்கு அனுமதி ஆர்டர் போடும்போதே அதோட ஒரு நகல் ஸ்காலர்ஷிப் பக்கம் போகணும், போர்டல்ல "பிரேக்"னு ஒரு நிலை இருக்கணும், பையன் திரும்பி சேர்ந்த அன்னைக்கு அது தானா "படிக்கிறார்"னு மாறணும். இதுக்கு புதுசா காசு வேண்டாம், புது திட்டம் வேண்டாம். அதுவரைக்கும் மார்க் 2.5 தான், திட்டத்துக்கு முழுசு, பிரேக் விதிக்கு 4, ரெண்டையும் சேர்க்கற வேலைக்கு பூஜ்யம்; சராசரி பார்த்தா 3 வரும், அந்த பூஜ்யத்துக்காக இன்னும் அரை குறைச்சேன்.

இப்போ இந்த நிலைமைல இருக்கறவங்களுக்கு: எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன் கடைசி தேதியை முதல்ல விசாரிங்க, மத்ததெல்லாம் அப்புறம். டாக்டர் லெட்டர்ல ஓய்வு தேவைன்னு மட்டும் இருந்தா பத்தாது, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைன்னு எழுதி வாங்குங்க. டிசி மட்டும் வாங்கிடாதீங்க, யாராவது வாங்கிட்டு அப்புறம் சேர்ந்துக்கலாம்னு சொன்னா நம்பாதீங்க. ஆர்டர் வந்த அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் ஸ்காலர்ஷிப் செக்ஷன்ல குடுத்து "டிஸ்கன்டினியூ என்று பதிவு செய்ய வேண்டாம்"னு ஒரு லெட்டரோட சீல் வாங்கிடுங்க, நான் இதை பண்ணியிருந்தா அம்மா கம்மல் காதுலயே இருந்திருக்கும். பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் இணைப்பு ஒரு வருஷம் சும்மா கிடந்ததுல என்ன ஆச்சுன்னு பாருங்க, பணம் நேரா அங்க தான் வரும், வந்ததும் ஃபீஸை ஒரு வாரத்துக்குள்ள காலேஜ்ல கட்டிடணும். எல்லாம் பண்ணியும் நகரலைனா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போங்க, இல்ல முதல்வர் உதவி எண் 1100-க்கு கூப்பிட்டு பதிவு பண்ணுங்க, ஆனா எழுத்துல இருக்கற காகிதம் கையில இல்லாம போகாதீங்க.

தம்பி ஏழாவது செமஸ்டர் வந்தப்போ கடைசி வருஷத்துக்கான ரின்யூவலை நானும் அவனும் சேர்ந்து உக்காந்து போட்டோம். போன வருஷ நிலைங்கற இடம் வந்தப்போ ரெண்டு பேரும் பேசல. பாஸ்னு தானா வந்து நின்னுச்சு. அவன் சப்மிட் அழுத்திட்டு, முதுகை நிமிர்த்தி உக்காந்தான், பெல்ட் இல்லாம.